திங்கட்கிழமைச் சீட்டு

கார்ப் பந்தயத்தில் ஒரே அணி ஜெயித்துக்கொண்டே போனால் பார்க்கிறவனுக்கு என்ன சுவாரசியம் என்று என் மகனும் அவன் கூட்டாளிகளும் என் வீட்டு ஹாலில் உட்கார்ந்து அடித்துக்கொள்கிறார்கள். பணக்கார அணிகளின் செலவுக்கு வரம்பு வேண்டும் என்கிறான் ஒருவன். எல்லாருக்கும் ஒரே இஞ்சினைக் கொடுத்துப் பார் என்கிறான் இன்னொருவன். நான் முறுக்குத் தட்டை வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வந்துவிடுகிறேன். இந்த விஷயத்தில் உலகத்திலேயே பெரிய கெட்டிக்காரி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் குடியிருந்தாள். ரேஸ் காருக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்றுகூட அவளுக்குத் தெரியாது. அவள் என் அம்மா.

எண்பதுகளின் கடைசியில் பதின்மூன்று வயதாக இருந்த என் வயதுக்காரர்களே, உங்களுக்கு நான் அதிகம் விளக்க வேண்டாம். பந்தயம் ஐரோப்பாவில் ஞாயிறு மத்தியானம் ஓடும். நம் மலேசிய டிவியில் அதை ஊர் உறங்கிய பிறகு போடுவார்கள். அப்பாவுக்கு ரயில்வேயில் விடியற்காலை டூட்டி. கண் விழிக்க முடியாது. வீடியோவில் நேரம் குறித்து கேசட்டைச் செருகிவிட்டுப் படுத்துக்கொள்வார். அந்த வீடியோவை உங்களில் பலர் வைத்திருந்திருப்பீர்கள். பொத்தானை அழுத்தினால் மேல்மூடி சோம்பலாக எழும்பும். சூடானால் ரப்பர் கருகும் வாசனை வரும். பின்னால் ரயில் போகும்போதெல்லாம் டிவியில் படம் நடுங்கும். ரேஸ் கார் நடுங்கினால் மட்டும் யாரும் குறை சொல்வதில்லை, வேகம் என்று நினைத்துக்கொள்வோம்.

படம் பார்ப்பது திங்கட்கிழமை சாயங்காலம். அதுவரை முடிவு யாருக்கும் தெரியக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். விடியுமுன்னே வந்து விழும் இங்கிலீஷ் பேப்பரை அப்பா பிரிக்காமலே சணல் கயிற்றால் கட்டி அலமாரி மேல் போட்டுவிட்டு வேலைக்குப் போவார். கேசட் ஓடி முடிந்த பிறகுதான் கயிறு அவிழும்.

பார்க்க வருகிறவர்கள் இரண்டு பேர். ஒருவர் அப்பாவின் அண்ணன், என் பெரியப்பா. யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்க அலுவலகத்தில் தலைமைக் குமாஸ்தா. பிரிக்பீல்ட்ஸிலேயே நாலு தெரு தள்ளி வீடு. சட்டைப் பையில் இரண்டு பேனா, கையில் குடை, குடையோடு சேர்த்து ஒரு பிளாஸ்க். இன்னொருவர் அம்மாவின் தம்பி, என் மாமா. கிள்ளானில் லோரி வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக். எவ்வளவு சோப்புத் தூள் போட்டுக் கழுவினாலும் டீசல் மணக்கும் கைகள், முகத்தில் பாதியை மறைக்கும் மீசை. வேலை விட்டதும் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டு, மழை வெயில் பாராமல் வந்துவிடுவார்.

அந்த பிளாஸ்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அம்மா ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், பால் மரம் வெட்டியவர்களின் மகள். அப்பா அவளைக் கட்டிக்கொண்டபோது, அந்த வீட்டில் நம் ஆட்கள் யாரும் கை நனைக்கக்கூடாது என்று அப்பாவின் அம்மா உத்தரவு போட்டுவிட்டார். உத்தரவு போட்டவர் காலமாகிப் பல வருடமாகியும் உத்தரவுக்கு மட்டும் சாவு வரவில்லை. பெரியப்பா எங்கள் வீட்டுக்கு வருவார், நாற்காலியில் உட்காருவார், என் ரிப்போர்ட் கார்டைப் பார்த்துத் திட்டுவார், தன் பிளாஸ்கிலிருந்து தன் தேநீரை ஊற்றிக் குடித்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடித்ததில்லை. அம்மாவிடம் நேராகப் பேசவும் மாட்டார். "மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி விடச் சொல்லு" என்பார் என்னிடம். விசிறி சுவிட்சுக்குப் பக்கத்தில் அம்மாதான் நின்றுகொண்டிருப்பாள்.

 அப்படியிருந்தும் அம்மா ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஓர் ஆள் சோறு கூடுதலாகவே வடிப்பாள். மறுநாள் காலையில் அது எனக்குப் பழைய சோறாக வரும். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்று, அந்த மனிதர் ஒரு நாள் அவள் சமைத்ததில் ஒரு பிடி சாப்பிட வேண்டும். அதற்கு முதலில் அவர் வந்துகொண்டே இருக்க வேண்டுமல்லவா?

இப்போது பந்தயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் வெள்ளை அணி ஒன்று கிளம்பியது. பெயர் வேண்டாம், உங்களுக்கே தெரியும். அவர்கள் வண்டி இரண்டும், நம்பர் ஐந்தும் ஆறும், முதலிரண்டு இடத்தையும் பிடித்துக்கொண்டு மற்றவர்களைப் புகை குடிக்க வைத்தன. பெரியப்பா வெள்ளை அணி. மாமா சிவப்பு அணி. நாலைந்து பந்தயம் இப்படியே போனதும் மாமாவின் மீசை தொங்கிவிட்டது.

"இது போட்டியா சார்? அவன்கிட்ட காசு இருக்கு, நல்ல இஞ்சின் வாங்குறான். எல்லாத்துக்கும் ஒரே இஞ்சினக் குடுங்க, அப்பப் பாப்போம் யாரு ஓட்டுறான்னு."

"நல்லாச் செய்யிறவன் வெல்லுறான். அதில என்ன பிழை?" என்றார் பெரியப்பா. "பரீட்சையில எல்லாருக்கும் ஒரே பேனையோ குடுக்கிறாங்கள்?"

"கேள்வித்தாள் ஒண்ணுதானே சார்!"

"கெட்டிக்காரனைப் பிடிச்சு இழுத்து வைச்சால், அது சமம் இல்லை. தண்டனை."

"அப்ப ஜெயிக்கிறவன் வண்டியில ரெண்டு மூட்டை அரிசிய ஏத்துங்க லா. எங்க லோரிக்காரன் அப்படித்தான் ஓட்டுறான், யாரும் அழல."

அப்பா சிரித்தார். மாமா சிரிக்கவில்லை. எழுந்து ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டார். "முடிவு தெரிஞ்ச ரேஸைப் பாக்கவா கிள்ளான்லேருந்து பெட்ரோல் போட்டு வர்றேன்? இனி நான் வரலக்கா." பெரியப்பாவும் குடையை எடுத்துக்கொண்டே சொன்னார், "எதிர்க்க ஆள் இல்லாட்டி நான் மட்டும் வந்து என்ன கதைக்கிறது?"

அப்போதுதான் அம்மா சமையலறை வாசலில் வந்து நின்றாள். பேச்சு எனக்குச் சொல்வதுபோல இருந்தாலும் எல்லாரும் கேட்கத்தான்.

"ஏன்டி, அந்த வெள்ளை வண்டி ரெண்டு இருக்குல்ல? ஆளுக்கு ஒண்ணு எடுத்துக்க வேண்டியதுதானே? வீடியோ போடறதுக்கு முந்தி சீட்டுக் குலுக்கிப் போடலாம். யாருக்கு எது விழுதோ அது. அவுங்க வண்டி முந்தினா காலண்டர்ல ஒரு கோடு."

 பெரியப்பா குடையை நாற்காலியில் மாட்டிவிட்டு என்னிடம், "இது நியாயமான ஏற்பாடு எண்டு சொல்லு" என்றார். ஒரே அணி, ஒரே இஞ்சின், சீட்டு மட்டும் ஆண்டவன் கையில். மாமா ஹெல்மெட்டைக் கீழே வைத்தார்.

ஏற்பாடு இதுதான். அம்மா இரண்டு துண்டுக் காகிதத்தில் நம்பர் எழுதி மடித்து எவர்சில்வர் தம்ளரில் போடுவாள். நான் கொண்டுபோய் நீட்ட வேண்டும். பெரியவர் என்ற மரியாதைக்குப் பெரியப்பா ஒன்றை எடுப்பார். அதில் உள்ள நம்பர் அவருக்கு, மற்றது மாமாவுக்கு. மிச்சச் சீட்டோடு தம்ளரை நான் உள்ளே கொண்டுபோய்விட வேண்டும்.

அடுத்த பந்தயத்தின் மறுநாள் காலை. எனக்கு மத்தியானப் பள்ளி. தமிழ்ப் பள்ளியிலிருந்து இடைநிலைப் பள்ளிக்குப் போய், இங்கிலீஷும் மலாயும் வராமல், மொழி பழக ஒரு வருடம் கூடுதலாக உட்காரவைக்கும் ரிமூவ் வகுப்பில் முழித்துக்கொண்டிருந்த வருடம். அம்மா என்னைக் கூப்பிட்டு அலமாரியைக் காட்டினாள்.

"அந்தப் பேப்பரை எடு. முடிச்சு எப்படி இருக்குன்னு பாத்துக்க, அப்படியே திருப்பிக் கட்டணும்."

"அப்பா கொன்னுடுவாரு!"

"அப்பா டூட்டிக்குப் போயாச்சு. அஞ்சா ஆறா, அத மட்டும் சொல்லு."

எழுத்துக்கூட்டி வாசித்தேன். ஐந்து ஜெயித்திருந்தது. அம்மா இரண்டு சீட்டிலும் ஆறு என்று எழுதினாள்.

"அம்மா, ரெண்டும் ஒரே நம்பர்."

"தெரியும். நானும் தோட்டத்து ஸ்கூல்ல ஆறாவது வரைக்கும் போனவதான். போன வாட்டி உன் மாமா மூஞ்சியத் தூக்கிட்டுப் போனான். இன்னைக்கு அவன் ஜெயிக்கட்டும். அடுத்த வாட்டி பெரியவரு. வெளிய மூச்சு விட்ட, தோலை உரிச்சிடுவேன்."

அப்படித்தான் அந்தப் பருவம் ஓடியது. காலண்டரில் கோடுகள் ஏறின. இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. இரண்டு பேரும் திங்கட்கிழமை சாயங்காலம் கத்துகிற கத்தலில் பக்கத்து வீட்டு ஆன்டி சன்னலைச் சாத்துவார். இப்படித்தான் போட்டி இருக்க வேண்டும், கடைசிவரை யார் என்று தெரியாமல், என்று பெரியப்பா ஆனந்தப்படுவார். எனக்குச் சிரிப்பும் பயமும் சேர்ந்து வரும். அமெரிக்கா பக்கம் பந்தயம் நடந்தால் மட்டும் சிக்கல். அது நமக்கு விடிகிற நேரத்தில் முடியும். திங்கட்கிழமைப் பேப்பரில் முடிவு இருக்காது. அன்றைக்கு அம்மா நிஜமாகவே இரண்டு நம்பரும் எழுதிவிட்டு அடுப்படி முருகன் படத்தைப் பார்த்து முணுமுணுப்பாள். முருகன் அப்படி வந்த இரண்டு தடவையும் பெரியப்பா பக்கமே சாய்ந்துவிட்டார். அதைச் சரிக்கட்ட அம்மாவுக்கு இரண்டு பந்தயம் பிடித்தது.

மாமாவுக்கு ஒரு நாள் சந்தேகம் வந்துவிட்டது. பெரியப்பா சீட்டெடுத்ததும், "என் சீட்டையும் பாத்துக்கிறேன், குடு" என்று தம்ளரில் கையை விட வந்தார்.  மிச்சச் சீட்டை எடுத்து வாயில் போட்டு மென்று விழுங்கிவிட்டேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "இந்தப் பிள்ளைக்கு வீட்டில சோறு போடுறதில்லையோ?" என்றார் பெரியப்பா. அம்மா உள்ளே பாத்திரத்தை உருட்டினாள். இரண்டு நாள் வயிற்றைத் தடவிக்கொண்டு திரிந்தேன், பேனா மை விஷம் என்று யாரோ சொல்லியிருந்தார்கள்.

பருவம் பாதி தாண்டியதும் மாமாதான் அந்தச் சவாலை இழுத்துவிட்டார். ஒரு நாள் ஜெயித்த மிதப்பில், "கடைசில கோடு யாருக்குக் கம்மியோ அவுங்களுக்கு ஒரு தண்டனை வேணும் சார். நான் தோத்தா மீசைய எடுத்துடறேன். நீங்க தோத்தா எங்க அக்கா கையால ஒரு வேளை சாப்பிடணும்" என்றார்.

அப்பாவின் முகம் வெளுத்துவிட்டது. யாரும் வாயால் தொடாத விஷயத்தை மாமா அப்படித் தூக்கி நடு ஹாலில் போட்டுவிட்டார். பெரியப்பா பிளாஸ்கின் மூடியை இறுகத் திருகினார். பிறகு, "சரி" என்றார். அவ்வளவுதான்.

அவர்கள் போன பிறகு நான் அம்மாவிடம் ஓடினேன். "அம்மா, இனிமே சுலபம்மா! பெரியப்பாவத் தோக்க வச்சிடலாம்!" அவள் சந்தோஷப்படுவாள் என்று நினைத்தேன். அவள் கோபத்தில் பாத்திரத்தை ணங்கென்று வைத்தாள்.

"என் சோறு என்ன தோத்தவனுக்குத் தண்டனையா? அந்தப் படுபாவி என்ன பேச்சுப் பேசிட்டுப் போறான்! அவரு தோத்துத்தான் இந்த வீட்டுல கை நனைக்கணும்னா எனக்கு அது வேணவே வேணாம்."

"அப்ப மாமாவத் தோக்க வச்சிடு."

"மீசைய எடுத்துட்டா அவன் மூஞ்சில வேற என்ன இருக்கு?" என்றாள். அந்தக் கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆக, கோடுகளைச் சமமாகவே கொண்டுபோவது என்று முடிவெடுத்தாள். சமமாக முடிந்தால் யாருக்கும் தண்டனையில்லை. அடுத்த வருடமும் வருவார்கள். சோற்றுக்கு வேறு நாள் வராமலா போகும் என்று தன்னையே தேற்றிக்கொண்டாள்.

ஆனால் கடைசிப் பந்தயத்தை அவள் எதிர்பார்க்கவில்லை. அது நமக்குத் தெற்கே இருக்கிற நாட்டில், நமக்கும் பகலாக இருக்கிற நேரத்தில். ஞாயிறு மத்தியானம் நேரடியாகவே டிவியில் காட்டினார்கள். கேசட் இல்லை, முன்கூட்டியே பேப்பரும் இல்லை. காலண்டரில் கோடுகள் சரிசமம். இந்த ஒன்றில் யாராவது ஒருவர் தோற்றுத்தான் ஆக வேண்டும். அம்மா அன்று காலையில் ஒரு சீட்டில் ஐந்து, மற்றதில் ஆறு என்று எழுதினாள்.  மாமா கிள்ளான் துறைமுகத்திலிருந்து பெரிய பெரிய நண்டாக ஒரு பை நிறைய வாங்கி வந்திருந்தார். அதைக் கழுவி, மசாலா அரைத்து, குழம்பு வைத்தாள். வாசனை ஹாலைத் தாண்டி ரயில்பாதை வரைக்கும் போனது.

பெரியப்பா வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தார். நான் தம்ளரை நீட்டினேன். ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தார். ஐந்து. நான் திரும்புவதற்குள் மறுபடியும் கையை விட்டு இன்னொன்றையும் எடுத்தார். அதையும் பிரித்தார். ஆறு. இரண்டையும் முழங்கால் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு பார்த்தார்.

"இண்டைக்கெண்டாலும் இதில ரெண்டு நம்பரும் இருக்கு" என்றார்.

எனக்கு உயிரே போய்விட்டது. அம்மா கரண்டியோடு வாசலில் நின்றாள்.

"எங்கட ஒபிஸ் பியோன் திங்கக்கிழமை எட்டு மணிக்கே எல்லாருக்கும் முடிவைச் சொல்லிப்போடுவான். முதல் தரம் காதைப் பொத்தினன். பிறகு பொத்தேல்லை. முடிவைத் தெரிஞ்சுகொண்டு வந்து சீட்டு எடுத்தால், ஒருக்கா நான் வெல்லுறன், ஒருக்கா இவர் வெல்லுறார். கடவுள் இவ்வளவு ஒழுங்கா வேலை செய்யமாட்டார். மற்றச் சீட்டைப் பாப்பம் எண்டால் இந்தப் பிள்ளை சாப்பிட்டுப் போட்டாள்."

மாமா தலையைச் சொறிந்தார். "நானும் பக்கத்து டயர் கடை ரேடியோவுல கேட்டுட்டுத்தான் சார் வருவேன்."

அப்பா தொண்டையைக் கனைத்தார். "கேசட்டைத் திருப்பிச் சுத்தும்போது கடைசிக் கொஞ்சம் கண்ணுல படும்."

எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது! தெரிந்துகொண்டேதான் ஒவ்வொரு திங்கட்கிழமையும் இரண்டு மணி நேரம் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார்கள். அந்த வீட்டில் ரகசியம் காத்தவள் நான் ஒருத்திதான், அதுவும் காகிதத்தைத் தின்று. அன்று எனக்கு அழுகை வந்தது. இப்போது நினைத்தால் அந்த நாலு பேரையும் கும்பிடத் தோன்றுகிறது. அம்மா தன் சீட்டுத்தான் அவர்களைக் கட்டி வைத்திருக்கிறது என்று நினைத்தாள். அவர்களோ வருவதற்கு ஒரு சாக்கு வேண்டுமே என்று அந்தச் சீட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பாவைத் திமிர் பிடித்தவர் என்று நாங்கள் எல்லாருமே தப்பாக எடை போட்டிருந்தோம். தாயின் சொல்லைக் காப்பாற்றத் தொடங்கிய மனிதர், அதை எப்படி நிறுத்துவது என்று தெரியாமல் மாட்டிக்கொண்டிருந்தார். இதெல்லாம் புரிய எனக்கு என் தலை நரைக்க வேண்டியிருந்தது.

"அப்ப நம்ம சவால் சார்? சமமால்ல நிக்குது" என்றார் மாமா.

"நான் தோத்திட்டன் எண்டு போடுங்கோ."

டிவியில் வண்டிகள் வரிசையில் நின்று உறுமத் தொடங்கிவிட்டன. பெரியப்பா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. சமையலறைப் பக்கம் திரும்பினார். என்னைத் தேடவில்லை, என் மூலமாகச் சொல்லவில்லை.

"பிள்ளை, பசிக்குது."

அம்மா கரண்டியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "தோத்ததுக்காக வேணாம்ண்ணே."

"நண்டு மணக்குது. அதுக்காக."

மேசையில் இடமில்லாமல் தரையில் பாய் விரித்து எல்லாரும் உட்கார்ந்தோம். அம்மா பரிமாறினாள். பெரியப்பா சட்டைக் கையை மடித்துவிட்டு, பேனாக்களை எடுத்து அப்பாவிடம் கொடுத்துவிட்டு, குனிந்து சாப்பிட்டார். நண்டுக் காலைக் கடித்து உறிஞ்சினார்.  பின்னால் ரயில் ஒன்று போனது. இரண்டாவது தடவை சோறு போட அம்மா குனிந்தபோது அவர் நிமிர்ந்து சொன்னார்:

"குழம்பில உப்புக் கொஞ்சம் கூடிப்போச்சு, பிள்ளை."

அம்மா கரண்டியைப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. இத்தனை வருடம் காத்திருந்து, இத்தனை பாடுபட்டு, இந்த மனிதர் வாயைத் திறந்து சொன்னது இதுவா என்று நினைத்தேன். அம்மாவைச் சமாதானப்படுத்த எழுந்து ஓடினேன். அவள் அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கண்ணெல்லாம் தண்ணீர், முகமெல்லாம் சிரிப்பு. என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"கேட்டியாடி? உப்புக் கூடிப்போச்சாம்டி! அவரு வீட்டுல சாப்பிடற மாதிரியே சொல்றாருடி!"